பியூசைத் தண்டிக்காதீர்!

மலேசிய நாட்டின் சரவாக் மாநிலத்திலே மிரி என்றோர் ஊர். எண்ணெய் வளத்தால் பெயர் பெற்ற ஊர். 2021 ஜூலைத் திங்களில் அங்கே காவல்துறையினர் சாலை உருளை ஒன்றை வரவழைத்தார்கள். சாலை போடவா? இல்லை. தரையிலே வரிசை வரிசையாகப் பரப்பி வைக்கப்பட்டிருந்தன 1,069 இயந்திரங்கள். செருப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரியவை. முன்னும் பின்னும் விசிறி, நடுவே நெருக்கமாகச் சில்லுகள். உருளை ஊர்ந்தது, தகடு நெளிந்தது, சில்லு நொறுங்கிற்று. அரைக்கோடி வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள பொருள் சிறிது நேரத்திலே குப்பையாயிற்று!

படத்தைப் பார்த்த நம் தோழர்கள் சிலர் படிப்பகத்தில் கேட்டார்கள்: "கஞ்சாவா, கள்ளச்சாராயமா, எதற்காக இந்தத் தண்டனை?" என்று. இயந்திரத்தின்மேல் அங்கே எவருக்கும் பகையில்லை. அதை வைத்திருந்தவர்கள் மீட்டரைச் சுற்றிக்கொண்டு கள்ளத்தனமாக மின்சாரம் எடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அதே ஆண்டில் அந்த ஊரிலே மூன்று வீடுகள் எரிந்து சாம்பலானதற்கும் இத்தகைய முறைகெட்ட மின் இணைப்பே காரணம் என்று காவல்துறையினர் சொன்னார்கள். உருளை வண்டியின் படம் உலகமெல்லாம் சுற்றிற்று. எரிந்த மூன்று வீடுகளைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

நாம் அந்த மூன்று வீடுகளைப் பற்றித்தான் பேசப்போகிறோம். ஏனென்றால் மிரி நகரத்து வீட்டுக்கு வருகிற மின்சாரமும் நம் வீட்டுக்கு வருகிற மின்சாரமும் ஒரே வகை: 230 வோல்ட், விநாடிக்கு 50 சுற்று. அங்கே எரிந்த கம்பி இங்கே எரியாது என்று எந்தச் சோதிடனும் எழுதிக்கொடுக்கவில்லை!

முதலில், அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கிரிப்டோ நாணயம் என்கிறார்கள். அவற்றுள் மூத்தது பிட்காயின். 2009 ஜனவரி 3-ஆம் நாள் தொடங்கிற்று. அச்சடிக்கும் சாலை இல்லை, கையில் பிடிக்கும் காசு இல்லை. உலகெங்கும் உள்ள கணிப்பொறிகளிலே எழுதப்படும் ஒரு பொதுக் கணக்குப் புத்தகம், அவ்வளவே. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் சேருகிறது. அந்தப் பக்கத்தை எழுதும் உரிமைக்கு ஒரு போட்டி. கோடானுகோடி எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து, பொருந்தும் எண்ணை முதலில் காண்பவருக்குப் பரிசு. இந்த வேலைக்குச் 'சுரங்கம் தோண்டுதல்' என்று பெயர் வைத்தார்கள். மைனிங்! மண்வெட்டி இல்லை, மண் இல்லை, வியர்வை இல்லை; பெயர் மட்டும் சுரங்கம். தொடக்கத்தில் சாதாரணக் கணிப்பொறியே போதுமாயிருந்தது. 2013 முதல் இதற்கென்றே செய்த இயந்திரங்கள் வந்துவிட்டன. வேறு எந்த வேலைக்கும் ஆகாதவை. பாட்டுக் கேட்க முடியாது, கடிதம் எழுத முடியாது. மின்சாரத்தைக் குடிக்கும், எண்ணைப் போட்டுப் பார்க்கும், வெப்பத்தைக் கக்கும்.

இந்த இயந்திரங்கள் பழசான பிறகு எங்கே போகின்றன? பெரிய முதலாளிகளின் கொட்டகையிலிருந்து தள்ளப்பட்டவை, மூட்டை கட்டப்பட்டு, ஏமாறும் இளைஞர்களின் வாசலுக்கு வருகின்றன. அப்படி வந்த இரண்டினை நாம் கோவைப் பக்கம் ஒரு தொழிலாளர் குடியிருப்பிலே கண்டோம்.

பஞ்சாலைத் தொழிலாளியின் வீடு. முன்னறை, பின்னறை, சமையலுக்கு ஒரு தாழ்வாரம். தகப்பனார் இரவு ஷிப்டு போயிருந்தார். பாட்டி பின்னறையில் படுத்திருந்தார். இரண்டு தங்கைகள் முன்னறையில் பாய் விரித்திருந்தார்கள். அவர்கள் தலைமாட்டிலே, மரப் பெஞ்சின்மேல், இரண்டு பெட்டிகள் இரைந்துகொண்டிருந்தன. விமானம் கிளம்புவதைப் போன்ற இரைச்சல்! அறையிலே வெக்கை. பிளாஸ்டிக் கருகும் மெல்லிய நெடி.

"எத்தனை நாளாக இந்த வாடை, தம்பி?" என்றோம்.

"ரெண்டு வாரமா இருக்குதுங்ணா. புது மெஷின்னா அப்படித்தான் இருக்குமுன்னு வித்தவர் சொன்னாருங்க" என்றான் அந்தப் பிள்ளை.

"பியூஸ் போகவில்லையா?"

"முதல்ல தினமும் போச்சுங்க. இப்பப் போறதில்லீங்க. கம்பியை நாலஞ்சு இழையாச் சேர்த்து முறுக்கிப் போட்டுட்டேன்."

கேட்டதும் நமக்குக் குலை நடுங்கிற்று. ஓடிப்போய் மெயினை அணைக்கச் சொன்னோம். இரைச்சல் நின்றது. பாட்டி எழுந்து, "கரண்ட் போயிருச்சா கண்ணு?" என்று கேட்டார். போகாமலிருந்திருந்தால் என்ன போயிருக்கும் என்பதை அந்த மூதாட்டியிடம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

தோழர்களே! ஒருவன் நம் வீட்டு வாயிலில் காவல் நிற்கிறான். திருடன் வரும்போதெல்லாம் கூவுகிறான். தூக்கம் கெடுகிறதே என்று அவன் வாயிலே துணியை அடைப்போமா? பியூஸ் கட்டையிலே தடித்த கம்பி போடுகிறவன் அதைத்தான் செய்கிறான். பியூஸ் அறுவது குற்றமல்ல. அறுந்து அறுந்து அது நமக்குச் சொல்லிக்கொண்டிருந்த சேதியைக் கேளாததே குற்றம். பியூஸ் போயிற்று என்று பியூசைத் தண்டிக்கிறோம். சுமையை ஏற்றியவனைக் கேட்பதில்லை!

கணக்கைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்துப் பெருக்கல் போதும். அந்தப் பிள்ளை வாங்கியது 'ஆன்ட்மைனர் எஸ்-9' என்னும் வகை, 2016-இல் வந்தது. ஒன்று ஏறத்தாழ 1,350 வாட் இழுக்கும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 1,350-ஐ 230-ஆல் வகுத்தால் 5.9. நம் வீட்டுச் சிறிய பிளக்கின் எல்லை 6 ஆம்பியர். அதாவது, ஒரே ஒரு பெட்டி, அந்தப் பிளக்கின் முழு வலிமையையும் உறிஞ்சி முடித்துவிடுகிறது. அந்தப் பிள்ளை ஒரே போர்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து இரண்டை ஓட்டினான். 11.7 ஆம்பியர்! அதே லைனிலே மின்விசிறி உண்டு, விளக்கு உண்டு, தொலைக்காட்சியும் உண்டு.

"என் வீட்டிலே இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் ஆயிற்றே, அது எரியவில்லையே" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இஸ்திரிப் பெட்டி எத்தனை நேரம் ஓடுகிறது? அரை மணி. அதிலும் சூடேறியதும் தானே அணைந்து, ஆறியதும் தானே எரிகிறது. கிரைண்டர் மாவு ஆட்டி முடித்ததும் நிற்கிறது. கம்பிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. சுரங்கப் பெட்டியோ காலையில் நிற்காது, மாலையில் நிற்காது. தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. மாதம் முழுவதும் ஒரே சுமை. எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்கச் சொன்னால் நாம் சங்கம் கூட்டிக் கேட்கிறோம். கம்பிக்குச் சங்கம் ஏது? இருபத்து நான்கு மணி நேரமும் அது சுமக்கிறது, சுவருக்குள்ளே, நம் கண்ணுக்குப் படாமல்.

அமெரிக்க நாட்டின் மின்கம்பி விதிகள் இதை முன்பே யோசித்து வைத்திருக்கின்றன. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஓடும் சுமைக்கு, லைனின் எல்லையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஏற்றாதே என்பது அங்கே விதி. அவர்கள் வீட்டுச் சாதாரணப் பிளக்கில் 120 வோல்ட், 15 ஆம்பியர். பெருக்கினால் 1,800 வாட். தொடர்ந்து ஓடுவதென்றால் 1,440 வாட்டோடு நிறுத்து என்கிறார்கள். நம் வீட்டுக்கும் இந்த அளவைப் பின்பற்றினால் என்ன கெட்டுவிடும்? 6 ஆம்பியர்ப் பிளக் என்றால் 4.8 ஆம்பியர், அதாவது 1,104 வாட். 16 ஆம்பியர்ப் பவர் பிளக் என்றால் 12.8 ஆம்பியர், அதாவது 2,944 வாட். எஸ்-9 சிறிய பிளக்குக்கு ஆகாது என்பது இப்போது தெரிகிறதல்லவா? அதற்குப் பின் வந்த எஸ்-19 வகையிலே 3,250 வாட் இழுப்பது ஒன்று உண்டு. அது பவர் பிளக்குக்கே மிகை.

அந்த வீட்டு லைன் 1 சதுர மில்லிமீட்டர்க் கம்பி. விளக்குக்கும் விசிறிக்கும் என்று என்றோ ஓடவிட்டது. போர்டிலிருந்து இயந்திரம் வரை 20 மீட்டர். போக வர 40 மீட்டர். 6 ஆம்பியர் ஓடினால் அந்தக் கம்பி முழுவதும் சேர்ந்து 26 வாட் வெப்பம் விடும். 12 ஆம்பியர் ஓடினால் இரண்டு மடங்கு, 52 என்று நினைப்பீர்கள். அல்ல! 104 வாட்! ஆம்பியர் இரட்டித்தால் வெப்பம் நாலு மடங்கு. இயற்கையின் விதி இது, எந்தச் சாமிக்குத் தேங்காய் உடைத்தாலும் மாறாது. குழாய்க்குள் அடைபட்ட கம்பி ஆற வழியில்லை. கம்பிமேல் போர்த்தியிருக்கும் பி.வி.சி. உறை 70 டிகிரி வரை தாங்குவதற்கென்று செய்தது. அதற்கு மேலே நாள்தோறும் வெந்தால் இளகும், பின்பு இறுகும், வெடிக்கும், உதிரும். ஒருநாள் கம்பியும் கம்பியும் முகத்தோடு முகம் உரசும்.

"எங்கள் வீட்டில் பியூஸ் கட்டை இல்லை, எம்.சி.பி. போட்டிருக்கிறோம், அது விழுந்துவிடும்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. எம்.சி.பி. நல்ல காவலாள்தான், ஆனால் அவனுக்கும் ஓர் அளவு உண்டு. 16 ஆம்பியர் என்று எழுதிய எம்.சி.பி. 16-ஐத் தாண்டிய கணமே விழாது. 18 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினாலும் விழாமல் நிற்கவேண்டும் என்பதே அதைச் செய்யும் தரவிதி. 23 ஆம்பியரைத் தாண்டினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாகவேண்டும். மோட்டார் கிளம்பும்போது ஒருகணம் கூடுதலாக இழுக்குமே, அதற்கெல்லாம் விழுந்துகொண்டிருந்தால் குடும்பம் நடத்த முடியுமா? 16-க்கும் 23-க்கும் நடுவே இப்படி ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள்ளே மாதக்கணக்கில் ஒரு சுமையை நிறுத்தினால், எம்.சி.பி. விழாது, கம்பி வேகும். அதிலும் 1 சதுர மில்லிமீட்டர்க் கம்பிக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டி வைத்திருக்கும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அடிக்கடி விழுகிறதென்று பெரியதாக மாற்றினார்களாம்! நாலு இழைக் கம்பி முறுக்கியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? முன்னது பத்துப் பைசாக் கம்பி, பின்னது கடையில் வாங்கிய பெட்டி.

இன்னொன்று சொல்லவேண்டும், கற்றவர்களே பலர் கவனிக்காதது. மாலை வேளையில் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் வோல்ட்டேஜ் இறங்குகிறது. குண்டு பல்பு மங்கும், குறைவாக இழுக்கும். சுரங்கப் பெட்டியின் பவர் சப்ளை அப்படியல்ல. அதற்கு 1,350 வாட் வேண்டுமென்றால் வேண்டும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி இழுத்துக்கொள்ளும். 190 வோல்ட்டுக்கு இறங்கினால் ஒரு பெட்டி 7.1 ஆம்பியர், இரண்டு பெட்டி 14 ஆம்பியருக்கு மேல். விளக்கு மங்கும் அதே நேரத்தில் கம்பி கொதிக்கிறது. ஏழை வாழும் தெருக்கோடியிலேதான் வோல்ட்டேஜ் அதிகம் இறங்குகிறது என்பதைத் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டுமா?

மறுநாள் வயர்மேன் ஒருவரை அழைத்துப் போனோம். அறுபது வயதுப் பெரியவர். ஆலையிலே முப்பது ஆண்டு மின்பகுதியில் உழைத்தவர். பிளக்கை உருவி எடுத்தார். பித்தளைக் காலொன்று நீலம் பாரித்திருந்தது. சாக்கெட்டின் துளை ஓரம் உருகிப் பழுப்பேறியிருந்தது.

"ஏங்கண்ணு, இதைத் தொட்டுப் பாத்தியா ஒரு நாளாவது?" என்றார்.

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

பெரியவர் நமக்கு விளக்கினார். சுவருக்குள் கம்பி எரிவதற்கு முன்பே, பெரும்பாலும், பிளக்கும் சாக்கெட்டும் சேருமிடத்தில், அல்லது திருகாணியின் கீழே, கேடு தொடங்குகிறதாம். உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு நாளடைவில் தளரும். தொடும் இடம் குறையும். அரை ஓம் தடை அங்கே உண்டானால் போதும், 6 ஆம்பியருக்கு 18 வாட். வானொலி பழுது பார்ப்பவர் ஈயம் உருக்க வைத்திருக்கிறாரே சால்டரிங் அயர்ன், அது 25 வாட். ஈயம் உருக்கும் கருவிக்கு ஏறக்குறைய ஈடான சூட்டை ஒரு பட்டாணியளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்குள், இரவும் பகலும் வைத்திருந்தால்? அந்த நெடிதான் இரண்டு வாரமாகத் தங்கைமார் முகர்ந்துகொண்டு உறங்கிய நெடி.

எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பெரியவர் காலால் ஒதுக்கித் தள்ளினார். "மெல்லிசு வயரு; அதையும் வளையமாச் சுத்தி வெச்சிருக்கறான் பாருங்க" என்றார். சுற்றி வைத்த வயர் தன் சூட்டிலேயே தான் வேகும். கைபேசிக்குச் சார்ஜ் போட அது போதும்; இந்தப் பெட்டிக்கு ஒருபோதும் ஆகாது.

பின்பு அவர் செய்த வேலையை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம், செய்வோர்க்குப் பயன்படும். மெயின் போர்டிலிருந்து இந்த இயந்திரங்களுக்கென்றே தனி லைன் இழுத்தார். வேறு விளக்கோ விசிறியோ அதிலே சேரவில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் போதுமே என்றதற்கு, "நாள் பூரா ஓடறதுக்கு 4 போட்டாக் கெட்டா போவுது?" என்று 4 சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கம்பியே ஓட்டினார். ஆனால் எம்.சி.பி. 16 ஆம்பியருக்கு மேல் போடவில்லை. சுமைக்குத் தக்க கம்பி, கம்பியைத் தாண்டாத எம்.சி.பி.; இந்த வரிசையை மாற்றுகிறவன் கையில் வீட்டைக் கொடுக்கக்கூடாது என்றார். பெட்டிக்கு ஒன்றாக இரண்டு 16 ஆம்பியர்ப் பிளக் பாயிண்ட். இரண்டும் ஓடினால் 11.7 ஆம்பியர், ஐந்தில் நான்கு பங்கு எல்லைக்குள் அடங்குகிறது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் பிளாஸ்டிக் மேலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பு இருக்கலாம், கை பொறுக்காத சூடு இருக்கலாகாது. திருகாணிகளை மெயினை அணைத்துவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடுக்கச் சொன்னார்.

எர்த்தைப் பார்த்தபோதுதான் அவர் முகம் சுருங்கிற்று. சுவரிலே மூன்று துளைச் சாக்கெட் இருந்தது. மூன்றாவது துளைக்குப் பின்னே கம்பியே இல்லை! வாடகை வீடு. கட்டியவர் கம்பியை மிச்சப்படுத்தியிருக்கிறார். இந்த வகைப் பவர் சப்ளை ஒவ்வொன்றும் சில மில்லி ஆம்பியரை எர்த்துக்குள் விடும்படியே அமைந்தது. எர்த் இல்லாவிட்டால் அது பெட்டியின் தகட்டிலே நிற்கும், தொட்டால் சுருக்கென்னும். "லேசா ஷாக் அடிக்கும், அதொண்ணும் பண்ணாதுங்க" என்று தங்கையரில் ஒருத்தி சொன்னாள்! உள்ளே ஒரு கம்பி அறுந்து தகட்டைத் தொடுமானால், அன்றைக்கு அது 'லேசாக' இராது. வீட்டு வெளியே எர்த் குழி தோண்டி, ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு தடுப்பானையும் மெயினில் வைத்த பிறகே பெரியவர் இயந்திரத்தைத் தொடவிட்டார். ஆனால் ஒன்று: கசிவு தடுப்பான் மனிதனைக் காக்கும், கூடுதல் சுமையை அது கண்டுகொள்ளாது. அதற்கு எம்.சி.பி.தான். இரண்டும் வேண்டும்.

வீடியோ கார்டுகளை வரிசையாகக் கோத்து ஓட்டுவது வேறொரு வகை. ஈத்தரியம் என்னும் நாணயம் 2022 செப்டம்பரில் அந்த முறையையே கைவிட்டது. அதன்பின் அந்தக் கார்டுகள் பெருவாரியாகப் பழைய சந்தைக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்டைத் தாங்கும் ரைசர் என்னும் சிறு பலகை 75 வாட் வரை இழுக்கலாம். அதற்கு மின்சாரம் தரச் சாட்டா என்னும் மெல்லிய செருகியை மாட்டுகிறார்கள். 12 வோல்ட்டில் அதன் எல்லை 54 வாட். வோல்ட் சிறியது, அதனால் ஆம்பியர் பெரியது, செருகி உருகிவிடுகிறது. சுவர்ப் பக்கம் எல்லாம் ஒழுங்காயிருந்தும் பெட்டிக்குள்ளேயே தீ பிடிப்பது இப்படித்தான்.

வெப்பத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகவே வெளியேறுகிறது. இரண்டு எஸ்-9 என்றால் 2,700 வாட் ஹீட்டரைக் கோடையிலே, கோவையிலே, படுக்கையறையிலே வைத்ததற்கு ஒப்பு. அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அந்த இயந்திரத்துக்கே ஆகாது. குளிர்விக்க ஏ.சி. போடலாமென்றால் அதற்கொரு சுமை, அதற்கொரு லைன். ஆகவே பெட்டி இருக்க வேண்டிய இடம் படுக்கையறையல்ல. காற்றோட்டமுள்ள, ஓலையும் பஞ்சும் துணியும் அண்டாத, மழை படாத இடம். பஞ்சாலைத் தொழிலாளி வீட்டிலே பஞ்சுத் தூசுக்குக் குறைவா? விசிறிவழியே உள்ளே போய் அடையாகப் படிந்திருந்ததைப் பெரியவர் கைப்பிடியளவு எடுத்துக் காட்டினார்.

இவ்வளவும் செய்து முடித்தாகிவிட்டது. செலவு? தகப்பனாரின் ஒரு மாதக் கூலிக்கு மேல். சரி, வருவாய் என்ன?

ஒரு பெட்டி நாளொன்றுக்கு 32 யூனிட். இரண்டு பெட்டி, இரண்டு மாதத்துக்கு, 3,888 யூனிட். எளிய குடும்பம் அதே இரண்டு மாதத்தில் இருநூறு முந்நூறு யூனிட் செலவழிக்கும். யூனிட் ஏற ஏற ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறும் வகையில் அமைந்த கட்டணம் இது. கடைசிப் படிக்கட்டின் விலையிலே அந்தக் குடும்பம் போய் நிற்கும். இணைப்புக்கு ஒப்புதல் பெற்ற மின்பளுவும் தாண்டிப்போகும். மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக்கொடுத்துப் பளுவைக் கூட்டிக்கொள்ளாமல் ஓட்டுவது முறையல்ல. வீட்டு இணைப்பிலே இந்தத் தொழில் நடத்தலாமா என்பதையும் அங்கேயே எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும்.

பரிசின் பக்கம் பார்ப்போம். 2024 ஏப்ரலில் பரிசு பாதியாகக் குறைந்தபின், உலகம் முழுவதற்குமாக ஒரு நாளைக்குப் பிறக்கும் புதிய பிட்காயின் ஏறத்தாழ 450. அதற்குப் போட்டியிடும் இயந்திரங்களின் மொத்த வேகம், 2025-இல், ஏழு கோடி எஸ்-9 சேர்ந்தாற்போன்ற வேகத்தை எட்டிற்று. 450-ஐ ஏழு கோடியாகப் பங்கிடுங்கள். ஒரே பெட்டியை வைத்து ஒரு முழு நாணயம் சேர்க்க நானூறு ஆண்டுக்கு மேல் ஆகும்! அதுவும் பரிசு மேலும் குறையாமலும் போட்டி மேலும் வளராமலும் இருந்தால். இதில் கிடைக்கும் துளிக்கும் வரி உண்டு. 2022 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இத்தகைய சொத்தை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு நூற்றுக்கு 30 வரி விதித்தார்கள். சுரங்கத்துக்கு ஆன செலவைக் கழித்துக் காட்டவும் இடமில்லை என்று அதே ஆண்டு நாடாளுமன்றத்திலே சொன்னார்கள்.

பழைய பெட்டியை விற்றவருக்கு ஆதாயம், அன்றே கையில். பெரிய கொட்டகைக்காரருக்கு ஆதாயம், ஓட்டை இயந்திரம் கழிந்தது. கருகிய சாக்கெட்டும் கட்டண ரசீதும் யாருக்கு? விற்றவரை நாம் தேடிப்போய்க் கேட்டோம். "கம்பி பழசுன்னா நான் என்னங்க பண்ணட்டும்" என்றார்.

கணக்கை முழுதும் எழுதி அந்தப் பிள்ளையிடம் கொடுத்தோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நான் முட்டாளுங்களா அண்ணா?" என்றான். கண்ணில் நீர். இல்லை, தம்பி. படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளை, தகப்பனின் இரவு ஷிப்டைக் குறைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவன் முட்டாளல்ல. ஆனால் இனிமேல் பியூஸ் போனால் நிறுத்திவிட்டு யோசி என்றோம்.

ஒரு பெட்டியை விற்றுவிட்டான். வாங்க வந்தவரிடம் இந்தக் கணக்குத் தாளையும் காட்டித்தான் விற்றான் என்று பெரியவர் சொன்னார். மற்றொன்றை மென்பொருளால் வேகம் குறைத்து, வாட்டையும் குறைத்து, தாழ்வாரத்தில் வைத்து, தான் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டுகிறானாம். படுக்கப் போகுமுன் எம்.சி.பி.யைத் தானே இறக்கிவிடுகிறான். பக்கத்திலே ஒரு வாளி காய்ந்த மணல்; மின்தீயிலே தண்ணீர் ஊற்றக்கூடாது, முதலில் மெயினை அணைக்கவேண்டும் என்று தங்கைகளுக்கும் பாட்டிக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறான். மெயின் எங்கே இருக்கிறது என்று பாட்டியைக் கேட்டோம். எழுந்து போய்க் கைவைத்துக் காட்டினார்.

இதைப் படிக்கும் தோழர்கள், இயந்திரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்றிரவு தங்கள் வீட்டுப் பியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மெயினை அணைத்துவிட்டு! எத்தனை இழை இருக்கிறதென்று எண்ணுங்கள்.